கடல் தாண்டும் மின்சாரமும் புதுக்குடியிருப்பின் மூன்று வயர்களும்

மன்னார் வீதியைப் பற்றி நான் எழுதிய போன பதிவின் கீழே கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இந்தியாவிலிருந்து கடலுக்கடியில் மின்கம்பி கொண்டுவரப் பல வருடமாகப் பேசுகிறார்களே, அதில் அப்படி என்னதான் சிரமம்?" நான் தொழினுட்பக் கல்லூரியில் மின்னியல் படிப்பிக்கிறவள். கேள்வி வந்த நேரம் மேசையில் திருத்தாத விடைத்தாள் கட்டு ஒன்று கிடந்தது. யோசிக்காமல், "கடலைத் தாண்டுவதுதான் சிரமம். கரைக்கு வந்துவிட்டால் மிச்சம் சின்ன வேலை" என்று பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு அந்த வரி தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. மிச்சம் சின்ன வேலைதானா என்று நான் எப்போது போய்ப் பார்த்தேன்?

ஆகவே ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன். கடல் தாண்டி வரும் மின்சாரம் மன்னார்ப் பக்கம் கரையேறினால் வன்னியின் கடைசி வீட்டுக்கு எந்த வழியால் போகும்? அந்த வழியே நானும் போவது என்பதுதான் திட்டம். உண்மையான பாதை இன்னும் பேச்சில் இருப்பதால் நான் பின்தொடர்ந்தது இப்போது நிற்கும் மின்கோபுரங்களை. முதல் கோபுரம் செட்டிகுளத்தில் எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. கடைசி வீடாக நான் தெரிந்தெடுத்தது புதுக்குடியிருப்புக்கு அப்பால் இருக்கும் தவமணி அக்காவின் வீட்டை. அவருடைய மகள் என்னிடம் படித்தவள், இப்போது கொழும்பில் வேலை. "அம்மா தனியத்தான் ரீச்சர், ஒருக்கால் போய் நில்லுங்கோ" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள்.

செட்டிகுளத்தில் காலை 5.40க்கு பஸ். வவுனியாவுக்கு 30 கிலோமீற்றர், ஒரு மணிநேரம், 120 ரூபா. அங்கே 7.10க்கு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கிளிநொச்சி வரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர், 310 ரூபா. கோபுரங்கள் தெரியும் பக்கமாக ஜன்னல் இருக்கை வேண்டும் என்று இரண்டு தரம் இடம் மாறியதில் கண்டக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அக்கா, கோபுரம் பாக்கிறதெண்டால் கோயிலுக்கெல்லே போகவேணும். ஏ ஒன்பது ரோட்டில என்ன கோபுரம்?"

"கரண்ட் போற கோபுரம் தம்பி."

"அதைப் பாக்கவும் ஆக்கள் வருகினமோ," என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். கோபுரங்கள் மாங்குளம் வரை வீதிக்குப் பக்கத்திலும் தூரத்திலுமாகக் கண்ணாமூச்சி காட்டின. 9.05க்குக் கிளிநொச்சியில் இறங்கித் துணை மின்நிலையத்தை வெளியே நின்று பார்த்தேன். போனைத் தூக்கியதும் காவலாளி கையை ஆட்டினார். படம் எடுக்க விடமாட்டார்கள், கேட்டு மினக்கெட வேண்டாம்.

அங்கிருந்து 10.15க்கு முல்லைத்தீவு பஸ். பரந்தனில் கிழக்கே திரும்பியதும் கோபுரங்கள் காணாமல் போய்விட்டன. கண்டாவளைப் பக்க வயல்களைத் தாண்டிப் போகப்போக வீதியோரத்தில் வெறும் தூண்களும் கம்பிகளும்தான். நாடு நாடாக இணைக்கும் கதையெல்லாம் கடைசியில் இப்படி ஒரு தூணில் வந்து முடிகிறது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். பெரிய கண்டுபிடிப்பு என்று அப்போது எனக்கு நினைப்பு. புதுக்குடியிருப்புக்கு 165 ரூபா, 11.35க்குச் சேர்ந்தேன்.

சந்தையடியில் ஓட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீற்றர், 700 ரூபா. இடத்தைச் சொன்னதும் ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தவமணியக்கா வீட்டையோ? நாளைக்குக் காலமை அங்க மிசின் வருது. குழாய்க்கிணறு இறக்கப் போயினமாம்."

"ஏன், தண்ணி இல்லையோ?"

"இருந்தால் ஏன் இறக்கினம்?" என்றார். கேள்வி கேட்டவளுக்கு அது தேவைதான்.

தவமணி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மீன்குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் கதை வந்தது. மீள்குடியேறிய பிறகு ஆறு குடும்பம் சேர்ந்து அடித்த குழாய்க்கிணறு அது, 45 அடி. அடியில் மும்முனை மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பு. நாளுக்கு ஒரு குடும்பமாக முறை வைத்துக் கச்சானுக்கு, கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மூன்று கிழமையாக, அதாவது இருபத்தொரு நாளாக, தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. ஒருவரின் முறை முடியும்போது அவருடைய காணியில் பாதிகூட நனைவதில்லை. கச்சான் பூத்து, காய் பிடிக்க மண்ணுக்குள் ஊசி இறங்கும் நேரம் இது. இப்போது தண்ணீர் தப்பினால் இந்தப் போகம் போனதுதான்.

"தம்பி சொல்லுறான், தொண்ணூறு அடிக்கு இறக்குவம் எண்டு. வாய்க்காலுக்கு அங்கால ஒரு காணியில அப்பிடி இறக்கித்தான் உவர் வந்தது. ரெண்டு வருசமாப் புல்லும் இல்லை. உப்பு ஏறினால் பிறகு எடுக்கேலாது ரீச்சர். இறக்காட்டிக் கச்சான் காயும். ரெண்டுக்கும் நடுவில நிக்கிறன்."

இதற்கிடையில் இன்னொரு மனக்கசப்பு. தண்ணீர் மெலிந்ததும் ஆறு குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. பார்வையெல்லாம் கடைசிக் காணிக்காரர் மாரிமுத்துவில் போய் நின்றிருக்கிறது. அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது, காணியும் பம்படிக்குப் பக்கம். முறை இல்லாத நாளிலும் பம்பு போடுகிறார் என்று கதை. கண்டவர் யாரும் இல்லை. முகத்துக்கு நேரே கேட்டவர் தவமணி அக்காவின் தம்பி யோகன். அன்றிலிருந்து மாரிமுத்து பேச்சை விட்டுவிட்டு, முறை நாளில் மட்டும் வந்து பாய்ச்சிவிட்டுப் போகிறாராம்.

யோகனை ஊரில் 'பற்றறி யோகன்' என்கிறார்கள். வன்னியில் மின்சாரமே இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவைப் பேசவைத்தவர். செத்துப்போன பற்றறிக்கு உயிர் கொடுத்தவர். ஒரு சூரியத் தகட்டை வைத்து நாலு வீட்டுக்கு வெளிச்சம் எடுத்தவர். நான் வகுப்பறையில் படித்ததை அவர் இருட்டில் படித்திருக்கிறார். அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனாலும் மாலை நான்கு மணிக்குப் பம்படியில் நிற்கும்போது, பெரிய படிப்புப் படித்தவள் என்ற எண்ணம் எனக்குள் கொஞ்சம் தலைதூக்கியதையும் மறைக்கவில்லை.

"தண்ணியில பிழை இல்லை யோகண்ணை. இது வோல்டேஜ் பிழை. லைனின்ர கடைசி இது, இழுவை குறைஞ்சிருக்கும்," என்றேன். அளக்குமுன்பே சொன்னேன். என் கைப்பையில் மின்மானி எப்போதும் இருக்கும், வீட்டில் அதற்கு நிறையக் கேலி வாங்கியிருக்கிறேன். அதை வெளியே எடுத்து அளந்தேன். 392, 395, 391. நானூறு வோல்ட்டுக்கு அது நல்ல அளவு. இன்னொரு தரம் அளந்தேன். மின்சாரம் மாறவில்லை, என் முகம்தான் மாறியது.

"அப்ப தண்ணிதான் குறைஞ்சிட்டுது," என்றேன்.

"அதைத்தானே ரீச்சர் மூண்டு கிழமையாச் சொல்லுறன்," என்றார் யோகன். அவர் குரலில் கேலி இல்லை, களைப்புத்தான். தவமணி அக்கா கச்சான் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தியாவையும் இலங்கையையும் இணைக்க யோசனை சொன்னவள், ஒரு கிணற்றுக்கு உதவாமல் போனேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணி. குசினிக்கு வெளியே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மிசின் எட்டு மணிக்கு. தவமணி அக்கா பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டிருக்க வேண்டும்.

"இந்தியாக் கரண்ட் இஞ்ச வாறதெண்டால் வயரைக் கொண்டுவந்து வயரோட முறுக்கிவிட்டாச் சரிதானே? அதுக்கேன் இவ்வளவு கதை?"

"கலியாணத்துக்குப் பொருத்தம் பாக்கிற மாதிரி அக்கா. ரெண்டு பக்கத்துக் கரண்டையும் நேரடியாச் சேர்க்கிறதெண்டால் நாலு பொருத்தம் வேணும். வோல்டேஜ் ஒண்டா இருக்கவேணும். ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் அலையுதோ அதுவும் ஒண்டா இருக்கவேணும். ரெண்டு அலையும் ஒரே நேரத்தில ஏறி இறங்கவேணும். பிறகு மூண்டு வயரும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வாற வரிசை..."

அந்தச் சொல்லோடு நான் நின்றுவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லும் நாலு பொருத்தம். நேற்று நான் பார்த்தது ஒன்றைத்தான். வரிசை காட்டும் கருவி கல்லூரி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது, மின்மானி அதைக் காட்டாது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன்.

யோகன் பம்படியில் மிசினுக்கு வழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"யோகண்ணை, பம்புக்கு வயர் போற இந்தச் சுவிச்சுப் பெட்டியைக் கடைசியா எப்ப கழட்டினது?"

"ஒவ்வொரு போகம் முடியவும் கழட்டித்தான் வீட்டை கொண்டுபோறனான். இல்லையெண்டால் செம்புக் கள்ளர் விடுவாங்களோ? விதைச்ச ஈரம் காஞ்சதும், மூண்டு கிழமைக்கு முந்தித்தான் திரும்பப் பூட்டினனான்."

மூன்று கிழமை. சொன்ன பிறகு அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், மண்வெட்டியை நிறுத்தினார். ஆனால் சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. "சிவப்பைச் சிவப்புக்குத்தான் குடுத்தனான் ரீச்சர். மற்ற ரெண்டிலயும் நிறம் மங்கிப்போச்சு. அதில எது எங்க போனால் என்ன? பிளஸ் சரியெண்டால் சரிதானே?"

இதைப் படித்துவிட்டு யாரும் சிரிக்கவேண்டாம். பற்றறியிலும் சூரியத் தகட்டிலும் மின்சாரம் கற்ற மனிதருக்குச் சிவப்பு என்றால் பிளஸ். அதைச் சரியாகக் கொடுத்தால் வெளிச்சம் வரும். இருபது வருடம் அப்படித்தான் வந்தது. மும்முனையில் பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை, வரிசைதான் இருக்கிறது. இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். மோசம் என்னவென்றால், எதிர்ப்பக்கம் சுற்றும் பம்பும் கொஞ்சம் தண்ணீர் தரும். ஒரேயடியாக நின்றிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார்கள். மோட்டரும் நிலத்துக்கடியில், சுற்றும் பக்கத்தைக் கண்ணால் காண வழியில்லை.

"இப்ப அதைக் கழட்டிக்கொண்டு நிக்க, மிசின் வந்திடும்," என்றார் யோகன்.

"முதல்ல நூல் விட்டுப் பாப்பம். பம்புக்கு மேல தண்ணி இல்லையெண்டால் நான் வாய் திறக்கமாட்டன். மிசினுக்கு நானே வழி வெட்டித்தாறன்."

தவமணி அக்கா தூண்டில் நைலோன் நூலையும் தையல் நாடாவையும் எடுத்துவந்தார். நூலின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி, குழாய்க்கும் கிணற்று வாய்க்கும் இடையிலுள்ள சந்துக்குள் விட்டோம். பம்பு கிடப்பது 40 அடியில். நூலை அங்கே வரை இறக்கி, திரும்ப இழுத்து, ஈரம் தொடங்கிய இடத்தைப் பிடித்துத் தையல் நாடாவில் துண்டு துண்டாக அளந்தார் அக்கா. ஈரத்துக்கு மேலே காய்ந்த நூல் பத்தொன்பது அடி. பம்புக்கு மேலே இருபத்தொரு அடி தண்ணீர் சும்மா நிற்கிறது. யோகன் நூலை வாங்கித் தானே இன்னொரு தரம் விட்டார். அதே பத்தொன்பது. அவர் நூலைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மெயின் சுவிச்சை நிறுத்தினார்.

வயரை மாற்றியது நான் இல்லை, அவர்தான். நான் மின்சாரம் நின்றதை மட்டும் அளந்து உறுதிப்படுத்தினேன். மங்கிய நிறம் கொண்ட இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினார். நேரம் 7.15. பட்டனை அமத்தியதும் குழாய் இரண்டு தரம் செருமியது, கொஞ்சம் சேறு துப்பியது, பிறகு தண்ணீர் வந்த வேகத்தில் குழாயின் வாய் வாய்க்காலை விட்டுத் துள்ளி எழும்பித் தவமணி அக்காவைத் தலையோடு நனைத்தது. அவர் விலகவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிசின் 7.50க்கு வந்தது. லொறி ஒழுங்கைக்குள் திரும்ப முன்பே யோகன் போய் மறித்து, "பிழை என்ர. வயரை மாறிக் குடுத்திட்டன். கிணறு இறக்கத் தேவையில்லை," என்று சொன்னார். வேறு யாரும் சொல்ல அவர் இடம் வைக்கவில்லை. மிசின்காரருக்கு முகம் கறுத்தாலும் தேத்தண்ணி குடித்தார். போகும்போது அக்காவிடம், "இந்தப் பக்கம் அறுவது அடி தாண்டினால் உப்புத்தான் அம்மா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்ல," என்றார். நேற்று மாலை "தண்ணிதான் குறைஞ்சிட்டுது" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

கோயம்புத்தூர் வாசகருக்கு இப்போது என் திருத்திய பதில். கடல் சிரமம்தான். ஆனால் அதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கடலுக்கடியில் நீளமான கம்பியில் அலை இல்லாத நேர்மின்சாரமாக அனுப்பி, இரண்டு கரையிலும் மாற்று நிலையம் வைத்தால், அலையையும் வரிசையையும் ஒன்றுக்கொன்று பொருத்தத் தேவையில்லை. அந்த நிலையம் நல்ல தரகர் மாதிரி, இரண்டு வீட்டாரையும் நேரே முட்டவிடாமல் காரியத்தை முடித்துத் தரும். சில கடல்களில் இது ஏற்கெனவே நடக்கிறது. ஒரு பக்கம் இரவாக இருக்கும்போது இன்னொரு கண்டத்து வெயிலில் விளக்கு எரியலாம் என்பது வெறும் கனவு இல்லை.

தரகர் தீர்க்க முடியாத பொருத்தம் ஒன்று இருக்கிறது. அதை நான் பார்த்தது கச்சான் பாத்தியில். பங்கு மெலிந்தால் மனிதர் முதலில் பார்ப்பது பக்கத்துக் காணியைத்தான், தன் பெட்டிக்குள் இருக்கும் வயரை அல்ல. ஆறு குடும்பத்துக்கே இப்படியென்றால், இரண்டு நாடும் மூன்று கண்டமும் ஒரு கம்பியில் தொங்கும்போது எப்படியிருக்கும்? விளக்கு மங்கிய அன்று யார் முதலில் தன் பக்கத்தைத் திறந்து பார்ப்பது, யார் மற்றவருக்கு அளந்து காட்டுவது என்பதை, கம்பி போடுமுன்பே எழுதி வைக்கவேண்டும். இதனால் இணைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இணைக்கவேண்டும், முடியும் என்றுதான் இன்னும் உறுதியாக நம்புகிறேன். கரைக்கு வந்தபின் மிச்சம் சின்ன வேலை என்ற வரியை மட்டும் அழித்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஞாயிற்றுக்கிழமையில் பஸ் குறைவு, நேரத்தை முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மண்ணை வாரி இறைக்கும், கண்ணாடியும் ஒரு துவாயும் இல்லாமல் போகவேண்டாம். புதுக்குடியிருப்புச் சந்தையடியில் ஓட்டோ கிடைக்கும், கட்டணத்தை ஏறுமுன்பே பேசுங்கள். பச்சைக் கச்சான் அவித்து விற்கும் காலம் என்றால் தவறவிட வேண்டாம். யாருடைய பம்புப் பெட்டியையும் தெரியாமல் திறக்கவேண்டாம், நானூறு வோல்ட் ஆளைப் பார்த்து விடாது. பம்பின் தண்ணீர் திடீரென்று மெலிந்தால், கிணற்றில் கைவைக்கமுன் பெட்டியைக் கடைசியாக யார், எப்போது பூட்டியது என்று கேளுங்கள். மூன்று வயரிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் எழுதி ஒட்டுங்கள். நிறம் மங்கும்.

நான் திரும்பியது ஞாயிறு 11.20 பஸ்ஸுக்கு. ஓட்டோவில் யோகனும் ஏறினார், சந்தியில் இறங்குவதாகச் சொன்னார். இருநூறு மீற்றர் போகமுன்பே மாரிமுத்துவின் வேலியடியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். மாரிமுத்து படலைக்கு உள்ளே நின்றார், திறக்கவில்லை. யோகன் இறங்கி, இந்தப் பக்கம் நின்றார்.

"தண்ணியை நீ எடுக்கேல்ல மாரிமுத்து. நான்தான் வயரை மாறிக் குடுத்தது. உன்னைக் கேட்டது பிழை."

மாரிமுத்து பம்படிப் பக்கம் தலையைத் திருப்பினார். வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"இண்டைக்கு ஆருக்கு முறை?" என்று கேட்டார்.

"அக்காவுக்கு. அவா உன்னை முதல்ல பாய்ச்சச் சொல்லிவிட்டவா."

மாரிமுத்து படலையைத் திறந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். யோகன் ஓட்டோவில் திரும்ப ஏறவில்லை.